நேரத்தொடர் டேபிள்களில் ரிப்பேர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள செம்பனை ஆலைகளின் பாய்லர் அழுத்தம், ஸ்டெரிலைசர் வெப்பநிலை, லாரி எடை எல்லாம் சில நொடிகளுக்கு ஒருமுறை எங்கள் கசாண்ட்ரா கிளஸ்டரில், அதாவது பல கணினிகளில் (நோடுகளில்) பரவிக் கிடக்கும் டேட்டாபேஸில், வந்து விழுகின்றன. இப்படி நேர வரிசையில் சேரும் பதிவுகள்தான் நேரத்தொடர். ஒரே பதிவின் நகல்கள் (ரெப்ளிகாக்கள்) பல நோடுகளில் இருக்கும், அவற்றை ஒப்பிட்டுச் சமப்படுத்துவதுதான் ரிப்பேர். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் அதில் ரிப்பேர் ஓட்டுவதைப் பார்த்தால், அந்தக் காலத்தில் நாங்கள் எல்லாரும் செய்த அதே தவறுகள் வரிசை மாறாமல் திரும்ப வருகின்றன. டிஸ்க் இடம் பார்க்காமல் தொடங்குவது, பீக் நேரத்தில் ஓட்டுவது போன்றவற்றை யாரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"பாதுகாப்புக்கு ஒரு ரிப்பேர்"

இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

ஒரு சாயங்காலம் இடிமழையில் கரண்ட் போய், ஒரு நோடு இரண்டு மணி நேரம் போல நின்றுவிட்டது. கசாண்ட்ராவில், நின்றுபோன நோடுக்கான பதிவுகளை மற்ற நோடுகள் குறித்து வைக்கும் ஹின்டைச் சேமிக்கும் கால அளவு இயல்பாக 3 மணி நேரம். நோடு எழுந்தவுடன் விடுபட்ட பதிவுகள் ஹின்டாக வந்து சேர்ந்துவிட்டன. வேலை முடிந்தது. ஆனால் மறுநாள் காலையில் தம்பி ஒருவர் வந்து, "அண்ணே, எதுக்கும் இருக்கட்டும்னு கீஸ்பேஸ் முழுசுக்கும் ஃபுல் ரிப்பேர் போட்டுட்டேன்" என்றார். கீஸ்பேஸ் என்றால் டேபிள்களின் தொகுப்பு. மதியத்துக்குள், டிஸ்க்கில் உள்ள கோப்புகளை ஒன்றாக்கிச் சுருக்கும் காம்பாக்‌ஷன் வரிசை மலைபோல் ஏறியது. டிஸ்க் நிரம்பும் எச்சரிக்கை வந்தது. ஆலையில் பாய்லர்காரர் பார்க்கும் வரைபடம் நகரவே இல்லை.

என்ன நடந்தது? ரிப்பேருக்கு நேரம் என்ற ஒன்றே தெரியாது, டோக்கன்தான் தெரியும். பார்ட்டிஷன் கீயை, அதாவது வரிகளைத் தொகுக்கும் சாவியை, ஹேஷ் செய்து டோக்கன் என்னும் எண்ணாக்குவதால், நேற்றைய பதிவும் மூன்று மாதத்துக்கு முந்திய பதிவும் ஒரே டோக்கன் வரம்பில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். ஒவ்வொரு ரெப்ளிகாவும் தன் பதிவுகளின் ஹேஷ் சுருக்கமான மெர்கல் மரத்தைக் கட்டும், பிறகு அந்த மரங்கள் ஒப்பிடப்படும். மரத்தின் இலைகளுக்கு ஒரு வரம்பு உண்டு. பெரிய டேபிளில் ஓர் இலைக்குக் கீழே ஏராளமான பார்ட்டிஷன்கள் அடங்கிவிடும். அதில் ஒரே ஒரு வரி வேறுபட்டாலும், அந்த இலைக்குள் வரும் எல்லாம் அனுப்பப்படும். ரெப்ளிகாக்கள் துல்லியமாக ஒரே கணத்தில் மரம் கட்டுவதில்லை. அதனால் ஓயாமல் எழுதப்படும் டேபிளில், எதுவும் தொலையாதபோதும் வேறுபாடு தெரியும்.

நம் டேபிளோ, பதிவுகளை நேரத் துண்டுகளாக (விண்டோக்களாக) பிரித்துச் சுருக்கும் டைம் விண்டோ காம்பாக்‌ஷனில் இருக்கிறது. 90 நாள் டிடிஎல் (பதிவின் ஆயுள்), 3 நாள் விண்டோ என்றால் 30 விண்டோ. மூடிய விண்டோ ஒவ்வொன்றும் ஒரே எஸ்எஸ்டேபிளாக, அதாவது ஒரே டிஸ்க் கோப்பாகச் சுருங்கி, காலாவதி ஆனதும் கோப்போடு போய்விட வேண்டும். ரிப்பேர் அனுப்பும் துண்டுகள் பழைய டைம்ஸ்டாம்ப்போடு வந்து பழைய விண்டோக்களிலேயே உட்காரும். உடனே மூடிய விண்டோக்கள் எல்லாம் மறுபடி காம்பாக்‌ஷனுக்கு எழுந்து நிற்கும். கிராணி (குமாஸ்தா) நாள்வாரியாகக் கட்டி அடுக்கிய எடைச் சீட்டுகளை, ஒரு சீட்டைத் தேடி மொத்தமாக அவிழ்த்துக் கொட்டியது போல.

டிடிஎல் தவிர வேறு டெலீட் இல்லாத டேபிள், எழுதுவதும் படிப்பதும் லோக்கல் குவோரம் (உள்ளூர் டேட்டாசென்டரில் பெரும்பான்மை ரெப்ளிகாக்களின் பதில்) என்றால், வாராந்திர ரிப்பேர் அட்டவணையிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். ரிப்பேரை அட்டவணைப்படி ஓட்டும் ரீப்பர் கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்த வகை டேபிள்களைத் தானாகவே தவிர்க்கும் ஓர் அமைப்பு அதிலேயே உண்டு. சும்மா விட்டால் அது அணைந்தே இருக்கும், நாம்தான் போட வேண்டும். நோடு 3 மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால் ரிப்பேர் தேவைதான். அப்போதும் அந்த ஒரு டேபிளுக்கு மட்டும், டோக்கன் வரம்பைச் சிறு சிறு துண்டாக்கி, ஒரு துண்டு முடிந்து காம்பாக்‌ஷன் அடங்கிய பிறகே அடுத்தது.

டைம் விண்டோ டேபிளில் டெலீட்

செய்யாதீர்கள். செய்தே தீர வேண்டும் என்றால் ஜிசி கிரேஸ் (அழிப்புக் குறிப்பை வைத்திருக்கும் காலம்) முடிவதற்குள் ரிப்பேர் கட்டாயம். இயல்பு அளவு 864000 நொடி, அதாவது 10 நாள். தவறினால் அழித்த பதிவு உயிர்த்தெழும்.

ரீட் ரிப்பேரை மறப்பது

ரிப்பேரை நிறுத்திவிட்டோம், அப்புறம் ஏன் டிஸ்க் குறையவில்லை என்று கேட்பவர்கள் இங்கே பாருங்கள். படிக்கும்போது ரெப்ளிகாக்களில் வேறுபாடு தெரிந்தால் அப்போதே சரிசெய்யும் ரீட் ரிப்பேர், சாதாரண எழுத்து வழியாகவே போகிறது. பழைய வரி, நினைவகத்தில் உள்ள மெம்டேபிளில் இன்றைய வரிகளோடு கலந்து ஒரே கோப்பாக இறங்கும். கோப்பில் உள்ள மிகப் புதிய டைம்ஸ்டாம்ப்பை வைத்துத்தான் விண்டோ முடிவாகும், ஆகவே அது இன்றைய விண்டோவில் போய்ச் சேரும். அதற்குள் பழைய டைம்ஸ்டாம்ப் ஒளிந்திருப்பதால், காலாவதியான பழைய கோப்புகளைக் கசாண்ட்ரா துணிந்து தூக்கி எறியாது. எந்தக் கோப்பு வழிமறிக்கிறது என்று எஸ்எஸ்டேபிள் எக்ஸ்பயர்ட் பிளாக்கர்ஸ் என்ற கருவி காட்டிக் கொடுக்கும்.

3.11 பதிப்பில் டிசி லோக்கல் ரீட் ரிப்பேர் வாய்ப்பு இயல்பாக 0.1. அதைப் பூஜ்யமாக்குங்கள். 4.0இல் அந்த அமைப்பே போய்விட்டது. பதிலுக்கு டேபிள் அளவில் ரீட் ரிப்பேரை முழுதாக நிறுத்தலாம். ஆனால் ஒரு முறை படித்த புதிய மதிப்பு அடுத்த முறையும் வரும் என்ற உறுதி அப்போது இருக்காது. சென்சார் வரைபடத்துக்குப் பரவாயில்லை. லாரி எடை போன்ற கணக்கு டேபிளில் நான் அதைத் தொடமாட்டேன்.

4.0க்கு முந்திய பதிப்பில் இன்கிரிமென்டல் ரிப்பேர்

ஏற்கெனவே ரிப்பேர் ஆனதை விட்டு, புதியதை மட்டும் பார்க்கும் இந்த வகை வேண்டாம். 2.2 முதல் அதுவே இயல்பு, ஆகவே ஃபுல் என்று கட்டளையில் எழுதியே ஓட்டுங்கள்.

ஒரே வரம்பில் இரண்டு ரிப்பேர்

கூடாது.

கன்ட்ரோல் சி அடித்தால் நின்றுவிட்டது என்று நம்புவது

மேலே சொன்ன தம்பி பதற்றத்தில் இதைத்தான் செய்தார். கட்டளைகளை அனுப்பும் நோட்டூல் வெறும் தூதுவன். அதைக் கொன்றாலும் சர்வருக்குள் ரிப்பேர் ஓடிக்கொண்டே இருக்கும். நின்றுவிட்டது என்று நினைத்து இன்னொன்றைத் தொடங்கினால் இரண்டும் சேர்ந்து ஓடும். ரிப்பேரைத் தொடங்கிய நோடில் ஜேஎம்எக்ஸ் (ஜாவா நிர்வாக இடைமுகம்) வழியாக எல்லா ரிப்பேர் செஷனையும் முடிக்கும் கட்டளையைக் கொடுங்கள். பிறகு நோட்டூலின் நெட்ஸ்டாட்ஸ் கட்டளையில் பார்த்து எந்த நோடிலும் ஸ்ட்ரீமிங் மிச்சம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.