முல்லைத்தீவிலிருந்து கிளிநொச்சிக்கு: சோளகக் காலத்தில் குழுவாகச் சைக்கிள் ஓட்டும் முறை

எங்கள் ஐந்து நாள் குழுப் பயணத்தில் மூன்றாம் நாள்தான் எல்லோரையும் வாட்டியது. முல்லைத்தீவிலிருந்து ஒட்டுசுட்டான், மாங்குளம் வழியாகக் கிளிநொச்சிக்கு ஏறத்தாழ 80 கிலோமீற்றர். ஏற்றங்கள் இல்லாத பாதை என்பதால் இலகுவான நாள் என்று எண்ணியிருந்தோம். ஆனால் சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து வீசுகிறது, ஒட்டுசுட்டானுக்குப் போகும் வீதியும் தென்மேற்கு நோக்கியே செல்கிறது. அடுத்த ஆண்டு அதே ஆடி மாதத்தில், எட்டுப் பேரும் பிரியாமல் அதே தூரத்தை முடித்தோம். அந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, புறப்படும் நேரம். காலையில் தணிந்திருக்கும் காற்று வெயில் ஏற ஏற வலுக்கும். ஆகவே 5.30 மணிக்கே விளக்குகளுடன் புறப்படுங்கள். அதற்கு முன்னர் வேண்டாம். முள்ளியவளை வரை குடியிருப்புகள் உள்ளன, அதற்கப்பால் வரும் காட்டுப் பகுதியை, யானைகளின் நடமாட்டம் கருதி, நன்றாக விடிந்த பின்னரே கடக்க வேண்டும்.

இரண்டாவது, சுமை. முதுகுப்பையை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். கரியரில் இறுக்கிக் கட்டுங்கள். இப்பாதைக்குக் கியர் இல்லாத உள்ளூர் லுமாலா சைக்கிளே போதும், அது பழுதானால் சிறிய சந்தியிலும் திருத்திக்கொள்ளலாம். பம்பும் ஒட்டுப் பெட்டியும் வரிசையில் கடைசியாக வருபவரிடமே இருக்க வேண்டும், ஏனெனில் முன்னால் செல்பவரின் சக்கரத்தில் காற்றுப் போனால் பின்னால் வருபவர் எப்படியும் அங்கே வந்து சேருவார். பின்னால் போனால் முன்னவருக்கு அது தெரியவே வராது.

மூன்றாவது, வரிசை. ஒருவர் பின் ஒருவராகச் சென்றால் முன்னவர் காற்றைத் தாங்கிக்கொள்ள, பின்னவருக்கு மிதிப்பது வெகுவாக இலகுவாகும். புதியவர்கள் ஒரு சைக்கிள் நீள இடைவெளி விட்டால் போதும். நான் விழுந்தது இந்த இடத்தில்தான். முதலாண்டில், இன்னும் சற்று மறைவு கிடைக்குமென்று, முன்னால் சென்ற அண்ணையின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டாக எனது முன்சக்கரத்தைக் கொண்டுபோயிருந்தேன். அவர் ஒரு குழியைத் தவிர்க்க விலகியபோது சக்கரங்கள் உரசின. அவர் தொடர்ந்து ஓட்டிச் சென்றார், நான் முழங்கை உரிய விழுந்தேன். சமநிலையைக் காக்க வேண்டிய முன்சக்கரம் அகப்பட்டுக்கொள்வது பின்னவருக்குத்தான் என்பதால், பெரும்பாலும் அவரே விழுகிறார். எனவே உங்கள் சக்கரம் முன்னவரின் சக்கரத்துக்குப் பின்னாலேயே இருக்கட்டும். கண்கள் அந்தச் சக்கரத்தில் அல்ல, அவரது தோளுக்கு அப்பால் வீதியில் இருக்கட்டும். குழி கண்டவர் உரக்கச் சொல்லட்டும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தலைமையை மாற்றுங்கள். கடைசியாக வருபவர் பின்னால் வாகனம் இல்லையென்று குரல் கொடுத்த பின்னரே, முன்னவர் வலப்புறம் சற்று விலகி, வேகத்தைக் குறைத்து, வரிசையின் இறுதியில், பம்பு வைத்திருப்பவருக்கு முன்னால், சேர வேண்டும். புதிதாக முன்னுக்கு வருபவர் உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டிவிடுவதுதான் குழு சிதறுவதற்கு முதற் காரணம். பழைய வேகத்திலேயே மிதியுங்கள்.

ஒட்டுசுட்டானில் உணவு. புட்டோ இடியப்பமோ அளவாக உண்டு, ஒவ்வொருவரும் இரண்டு லீற்றர் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். இதன் பின்னர் வீதி மேற்கே திரும்புவதால் காற்று இடப்பக்க முன்புறமாக வரும். மறைவு தேடி உடல் தானாக வலப்புறம், அதாவது வீதியின் நடுவை நோக்கி நகரும். பேருந்துகள் முந்திச் செல்லும் வீதியில் அது ஆபத்தானது. மறைவு குறைந்தாலும் இடது ஓரத்தை விடாதீர்கள். ஒதுங்க நேர்ந்தாலும் பற்றைக்குள் இறங்க வேண்டாம். மிதிவெடி அபாயப் பலகையைக் கண்டால், தார் வீதியை விட்டு ஓரடியும் விலகக் கூடாது.

மாங்குளத்தில் ஏ9 வீதியில் வடக்கே திரும்பியதும் காற்று முதுகுப் பக்கம் வந்துவிடும். முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்று, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு செல்லுங்கள். கனரக வாகனங்கள் மிகுந்த வீதியாதலால் இங்கும் ஒற்றை வரிசைதான்.

பிற்சேர்க்கை: இக்குறிப்பை வாசித்துப் புறப்பட்ட ஒரு குழுவினர், இறக்குமதிச் சைக்கிளின் மெல்லிய வால்வுக்கு வழியிலிருந்த கடையின் பம்பு பொருந்தவில்லை என்று எழுதியிருந்தார்கள். அவ்வகைச் சைக்கிள் வைத்திருப்பவர்கள் அதற்குரிய சிறிய பித்தளை இணைப்பியையும் ஓர் உதிரி ரியூப்பையும் வாங்கி, புறப்படும் முன்னர் கடைசியாக வருபவரிடம் கொடுத்துவிடுங்கள்.