அமெரிக்கத் தொழிற்சாலைக் கதைகளில் பாடம் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொழில்முனைவோர் கூட்டங்களிலும் ஊக்கப் பேச்சுகளிலும் அமெரிக்கத் தொழிலதிபர்களின் கதைகள் ஓயாமல் எடுத்தாளப்படுகின்றன. ஃபோர்டு இருமுறை சறுக்கி விழுந்தும் எழுந்தார், எடிசன் தூக்கத்தை மறந்து உழைத்தார், ஒரு கார் ஷெட்டில் தொடங்கிய நிறுவனம் உலகம் முழுவதும் பரவியது என்று வரிசையாக அடுக்கி, உழைத்தால் எல்லாம் கைகூடும் என்று முடிப்பது வழக்கமாகிவிட்டது. சொல்லப்படும் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் உண்மையானவைதான். அவற்றிலிருந்து எடுக்கப்படும் பாடங்களில்தான் கோளாறு இருக்கிறது; சொந்தமாக ஒரு பட்டறையோ சிறு ஆலையோ தொடங்க நினைப்பவர் அவற்றை அப்படியே நம்பிக் களத்தில் இறங்கினால் கைப்பணத்தை இழக்க நேரும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, சிந்தும் வியர்வையின் அளவே உற்பத்தியின் அளவைத் தீர்மானிக்கிறது என்று நினைப்பது. அமெரிக்க ஆலைகளில் கடும் உழைப்புக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவெல் நகர நெசவாலைகளில் இளம்பெண்கள் நாளொன்றுக்கு 12, 13 மணி நேரம் தறிகளின் முன் நின்றார்கள். எஃகு ஆலைகளில் 12 மணி நேர வேலை 1923 வரை நீடித்தது. ஆனால் அதே அளவு உழைத்த மக்கள் உலகில் வேறு பல நாடுகளிலும் இருந்தார்கள் என்பதால், அமெரிக்க உற்பத்தி மற்றவர்களை முந்தியதற்கான காரணத்தை வேலை நேரத்தில் தேடிப் பயனில்லை. வேலை எப்படி அடுக்கப்பட்டிருந்தது என்பதில்தான் தேட வேண்டும்.

பின்னாளில் வேலை அசைவுகளை ஆராய்ந்து பெயர் பெற்ற அமெரிக்கரான ஃபிராங்க் கில்பிரெத் 1885இல், 17 வயதில், கொத்துவேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்தார். ஒவ்வொரு கொத்தனாரும் செங்கல்லுக்காகத் தரைவரை குனிந்து, தம் உடம்பின் எடை முழுவதையும் அந்தக் கல்லோடு சேர்த்துத் தூக்கி நிமிர்வதையும், ஒரு நாளில் இது ஏறத்தாழ ஆயிரம் முறை நடப்பதையும் அவர் கவனித்தார். சுவர் உயர உயரத் தானும் உயரக்கூடிய சாரம் ஒன்றை அமைத்து, செங்கல்லும் கலவையும் கொத்தனாரின் கைக்கு எட்டும் உயரத்திலேயே இருக்குமாறு செய்தார். நல்ல முகம் எந்தப் பக்கம் என்று கொத்தனார் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. அதைச் சித்தாளே முன்கூட்டிப் பார்த்துச் சட்டத்தில் அடுக்கி வைக்கும்படி மாற்றினார். கலவையின் பதத்தைச் சரியாக்கியதால் கரணையால் தட்டி உட்காரவைக்கும் வேலையும் குறைந்தது. ஒரு கல்லை வைக்க 18 அசைவுகள் தேவைப்பட்ட இடத்தில் 5 அசைவுகளே போதுமானவையாயின. கொத்தனாரின் உழைக்கும் மனம் முன்பும் பின்பும் ஒன்றாகத்தான் இருந்தது.

ஃபோர்டின் ஹைலேண்ட் பார்க் ஆலையிலும் இதுவே நடந்தது. இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவை ஒரே தொழிலாளி முழுமையாகப் பூட்டியபோது 20 நிமிடங்கள் பிடித்தன. 1913இல் அந்த வேலையை 29 சிறு வேலைகளாகப் பிரித்து வரிசையில் நகரவிட்டதும் நேரம் 13 நிமிடம் 10 விநாடியாகக் குறைந்தது. மறு ஆண்டில் வரிசையின் உயரத்தை 8 அங்குலம் கூட்டினார்கள், அவ்வளவுதான். நேரம் 7 நிமிடமாயிற்று. வரிசை நகரும் வேகத்தையும் சீர்செய்த பிறகு 5 நிமிடத்தில் வேலை முடிந்தது. தம் ஆட்கள் சோம்பேறிகள் என்று குறைப்பட்டுக்கொள்ளும் முதலாளிகள், முதலில் தம் பட்டறை மேசைகளின் உயரத்தை அளந்து பார்ப்பது நல்லது.

இதே உண்மையை எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் தம் பயிற்சி வகுப்புகளில் மணிகளை வைத்துக் காட்டுவார். ஐந்தில் நான்கு பங்கு வெள்ளை மணிகளும் ஒரு பங்கு சிவப்பு மணிகளும் கலந்த பெட்டிக்குள், 50 குழிகள் கொண்ட பலகையை விட்டு ஒவ்வொருவரும் மணிகளை அள்ள வேண்டும். சிவப்பு மணி என்றால் குறைபாடுள்ள சரக்கு என்று பொருள். டெமிங்கே ஃபோர்மேனாக நின்று, சிவப்பு குறைந்தவரைப் பாராட்டுவார், கூடியவரைக் கடிந்துகொள்வார், எச்சரிப்பார், வேலையை விட்டும் அனுப்புவார். எவ்வளவு அக்கறையாக அள்ளினாலும் சராசரியாகப் பத்து சிவப்பு மணிகள் வந்துகொண்டேதான் இருக்கும், ஏனென்றால் குறை இருப்பது கையில் அல்ல, பெட்டியில். சுவரில் ஒட்டப்படும் ஊக்க வாசகங்களை அகற்றுமாறு நிர்வாகங்களுக்கு அவர் சொன்னதற்கு இதுதான் காரணம். 1950 முதல் ஜப்பானியத் தொழிலதிபர்கள் அவரைக் கவனித்துக் கேட்டார்கள். அவருடைய சொந்த நாட்டு நிறுவனங்கள் அவரைப் பரவலாகத் தேடி வந்தது 1980க்குப் பிறகுதான்.

அடுத்த தவறு, 1914 ஜனவரியில் ஃபோர்டு அறிவித்த ஐந்து டாலர் நாள்கூலியைத் தருமமாகவோ விளம்பரமாகவோ மட்டும் படிப்பது. நகரும் வரிசை வந்த பிறகு வேலை சலிப்பூட்டுவதாக மாறியதால் ஆட்கள் கூட்டம் கூட்டமாக விலகினார்கள். ஏறத்தாழ 14,000 பேரை நிலையாக வைத்திருக்க 1913ஆம் ஆண்டில் மட்டும் 52,000 பேருக்கு மேல் வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. புதிதாக வருகிறவர் கை பழகும் முன்பே கிளம்பிவிடும் ஆலையில், ஒரு நிமிடம் தாமதித்தாலும் வரிசை முழுவதும் நிற்கும் என்பதால், கூலியை இரட்டிப்பாக்கியும் வேலை நேரத்தை 9 மணியிலிருந்து 8 மணியாகக் குறைத்தும் ஆட்களை நிறுத்திவைப்பதே நிர்வாகத்துக்கு மலிவாக இருந்தது. ஐந்து டாலரில் பாதிக்கு மேற்பட்ட தொகை இலாபப் பங்காகவே தரப்பட்டது என்பதும், அதைப் பெறும் தகுதி உண்டா என்று பார்க்க நிறுவனத்தின் ஆட்கள் தொழிலாளர்களின் வீடுகளுக்கே சென்று அவர்களுடைய குடிப்பழக்கம், சேமிப்பு, வீட்டின் தூய்மை ஆகியவற்றை விசாரித்தார்கள் என்பதும் ஊக்கப் பேச்சுகளில் இடம்பெறுவதில்லை.

தனி மனித மேதைமை பற்றிய கதையை அதிகம் விவரிக்கத் தேவையில்லை; அந்த மேதைகள் யாரும் தனியாக நின்றவர்கள் அல்ல. எடிசனின் மென்லோ பார்க் ஆய்வுக்கூடத்தில் கணிதம் தெரிந்த அப்டனும் நுட்பமான கைவேலை தெரிந்த பேட்சலரும் குருசியும் இருந்தார்கள். 1939இல் 538 டாலருடன் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் ஒரு கார் ஷெட்டில் எச்.பி. நிறுவனத்தைத் தொடங்கிய ஹியூலெட்டும் பேக்கார்டும் ஸ்டான்ஃபோர்டில் படித்த பொறியாளர்கள்; பேராசிரியர் டெர்மன் அவர்களுக்குப் பின்னால் நின்றார், பேக்கார்டு ஏற்கெனவே ஜெனரல் எலக்ட்ரிக்கில் வேலை பார்த்தவர்.

எடிசனைப் பற்றிப் பேசுவோர் வழக்கமாகத் தொடாத ஓர் அத்தியாயம் உண்டு, விடாமுயற்சி எப்போதும் வெற்றி தரும் என்ற நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க அதுவே பொருத்தமானது. 1880களின் இறுதியில் தொடங்கி ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அவர் நியூ ஜெர்சியின் ஆக்டன் மலைப்பகுதியில் இரும்புத் தாது ஆலை ஒன்றை நடத்தினார். இரும்பு குறைவாக உள்ள பாறைகளை மாபெரும் உருளைகளால் பொடியாக்கி, காந்தத்தால் தாதுவைப் பிரித்தெடுப்பதே திட்டம். அவரே அங்கே புழுதியில் தங்கி வேலை பார்த்தார். ஜெனரல் எலக்ட்ரிக்கில் தமக்கிருந்த பங்குகளை விற்ற பணத்தையும் அதில் போட்டார். உருளை உடைந்தால் புதிது செய்தார், பொடி உலராவிட்டால் உலர்த்தும் கோபுரம் கட்டினார், எழுந்த ஒவ்வொரு பொறியியல் சிக்கலையும் தீர்த்துக்கொண்டே போனார். இதற்கிடையில் மினசோட்டாவின் மெசாபி மலைத்தொடரில், நீராவி மண்வாரியால் நேரடியாக அள்ளக்கூடிய அளவுக்கு மேற்பரப்பிலேயே வளமான தாது கிடைத்து, சந்தை விலை சரிந்தது. ஆலைக்குள் இருந்த எந்தச் சிக்கலும் எடிசனைத் தோற்கடிக்கவில்லை. ஆயிரம் மைல்களுக்கு அப்பாலிருந்த மலையின் விலைப்பட்டியல்தான் தோற்கடித்தது. அவர் ஆலையை மூடி, பாறை உடைக்கும் அந்த அறிவைச் சிமென்ட் தயாரிப்புக்குக் கொண்டுபோனார். அவரிடமிருந்து கற்க வேண்டியது ஏதேனும் உண்டென்றால், இந்த மூடுதலையும் சேர்த்தே கற்க வேண்டும். ஃபோர்டு அதைச் செய்யத் தயங்கினார்: மாடல் டி காரை 19 ஆண்டுகள் பிடிவாதமாக வைத்திருந்து, 1927இல் அடுத்த மாடல் ஆயத்தமாகும் முன்பே உற்பத்தியை நிறுத்த நேர்ந்தது, அந்த இடைவெளியில் வாடிக்கையாளர்கள் போட்டிக் காரான செவ்ரோலெட்டுக்குப் போனார்கள்.

ஆட்கள் சரியில்லை, எந்திரம் வாங்கினால் தீரும் என்ற முடிவும் அமெரிக்காவில் பலமுறை செய்யப்பட்ட தவறு. கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரிலுள்ள ஒரே ஆலைக் கட்டடம் இதற்கு இருமுறை சாட்சியாகியிருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் நடத்தியபோது வேலைக்கு வராதவர்களும் சண்டைகளும் தரக்குறைவான கார்களுமாக இருந்த அந்த ஆலை 1982இல் மூடப்பட்டது. 1984இல் டொயோட்டாவுடன் சேர்ந்த கூட்டு நிறுவனமாக அது திறக்கப்பட்டபோது, வேலையில் சேர்ந்தவர்களில் பெரும்பான்மையோர் அதே பழைய தொழிற்சங்கத் தொழிலாளர்கள். மாறியது நிர்வாகம்: பலரை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள், குறை கண்ட எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேலிருக்கும் கயிற்றை இழுத்து வரிசையை நிறுத்தலாம் என்றார்கள். சில ஆண்டுகளுக்குள் அங்கே உருவான கார்கள் ஜப்பானிய ஆலைகளின் தரத்தை நெருங்கின. இதே காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் மற்ற ஆலைகளில் ரோபோக்களுக்காகக் கோடிக்கணக்கில் செலவழித்து, எதிர்பார்த்த பலனைப் பெறாமல் போனது. பிற்பாடு அந்த ஃப்ரீமாண்ட் ஆலையை வாங்கிய டெஸ்லாவும் மாடல் 3 தயாரிப்பில் அளவுக்கு மீறித் தானியங்கி எந்திரங்களை நம்பித் திணறியது. அது தவறு என்று அதன் தலைவர் எலான் மஸ்க் 2018 ஏப்ரலில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

ஆலை என்பது நான்கு சுவர்களுக்குள் அடங்கியது என்ற எண்ணத்தையும் விட வேண்டும். டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் மேக் ப்ரோ கணினியைத் தயாரிக்க ஆப்பிள் முயன்றபோது, தேவையான தனிவகைத் திருகுகளை வேண்டிய எண்ணிக்கையில் தரக்கூடியவர் அருகில் கிடைக்கவில்லை என்றும், கிடைத்த சிறு பட்டறையால் நாளொன்றுக்கு அதிகபட்சம் 1,000 திருகுகளே தர முடிந்தது என்றும் 2019இல் செய்தி வெளியானது. போயிங் தன் 787 விமானத்தின் பெரும் பகுதிகளை வெளியாரிடம் ஒப்படைத்ததில், 2007 ஜூலையில் உலகுக்குக் காட்டப்பட்ட முதல் விமானம் தற்காலிகப் பூட்டாணிகளுடன் நின்றது. அது பறக்க 2009 டிசம்பர் ஆயிற்று. கோயம்புத்தூரில் ஒரு பம்ப் செட் உற்பத்தியாளருக்கு வார்ப்படம், லேத், மோட்டார் சுற்றுதல் எல்லாம் சில கிலோமீட்டருக்குள் கிடைப்பது எத்தனை பெரிய சொத்து என்பதை, அது இல்லாத ஊரில் ஆலை போட்டவர்தான் சரியாகச் சொல்வார்.

அரசின் கை படாமல் அமெரிக்கத் தொழில் வளர்ந்தது என்பதும் பிழையான வாசிப்பு. மாற்றிப் பொருத்தக்கூடிய உதிரிபாகங்களை உருவாக்கியவர் எலி விட்னி என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. 1798இல் 10,000 துப்பாக்கிகளை இரண்டு ஆண்டுகளில் தருவதாக ஒப்பந்தம் செய்த அவர், கடைசித் தொகுதியைக் கொடுத்தது 1809இல். அந்த முறையை உண்மையில் கைவரச் செய்தவை ஸ்பிரிங்ஃபீல்டு, ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆகிய அரசு ஆயுதச் சாலைகள். இலாபக் கணக்கு கேட்காமல் பல பத்தாண்டுகள் அவற்றுக்குப் பணம் கொடுத்தது மக்களின் வரிப்பணம். அங்கே தொழில் கற்ற மெக்கானிக்குகள் வழியாகத்தான் அந்த நுட்பம் தையல் எந்திரங்களுக்கும் மிதிவண்டிகளுக்கும் பரவியது.

அமெரிக்கா இப்போது எதையும் தயாரிப்பதில்லை என்று சிலர் எதிர்த் திசையில் பேசுவார்கள். ஆலைத் தொழிலாளர் எண்ணிக்கை 1979இல் ஏறத்தாழ ஒரு கோடியே 95 லட்சமாக உச்சத்தைத் தொட்டுப் பின்னர் வெகுவாகக் குறைந்தது உண்மை. உற்பத்தி அந்த அளவுக்குக் குறையவில்லை. விமானம், மருத்துவக் கருவி, வேதிப்பொருள், கனரக எந்திரம் ஆகியவற்றில் அந்த நாடு இன்னும் முன்வரிசையில்தான் இருக்கிறது.

தோல்வியைப் பற்றிய தவறுதான் நம்மவர்களுக்கு நேரடியாக ஆபத்தானது. அமெரிக்காவில் புதிதாகத் தொடங்கும் தொழில்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று முதல் ஆண்டிலும், பாதி ஐந்து ஆண்டுகளுக்குள்ளும் மூடப்படுகின்றன. அங்கே தோற்றவர் மீண்டும் எழுவதற்கு மன உறுதியைப் போலவே திவால் சட்டமும் காரணம்: நிறுவனம் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புப் பெற்றுத் தன்னைச் சீரமைத்துக்கொள்ள வழி உண்டு, 2009இல் ஜெனரல் மோட்டார்ஸே அப்படித்தான் தப்பியது, டெக்சாஸ், ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் ஒருவர் குடியிருக்கும் வீட்டைச் சாதாரணக் கடன்காரர்கள் தொடுவது மிகக் கடினம். அங்கும் சிறுதொழில் கடனுக்கு உரிமையாளரின் சொந்த உத்தரவாதம் பெரும்பாலும் கேட்கப்படுகிறது என்றாலும், கடனில் மூழ்கியவர் கணக்கை முடித்துக்கொண்டு வெளியேறும் வழி நன்றாகத் தேய்ந்த பாதையாக இருக்கிறது. குடியிருக்கும் வீட்டின் பத்திரத்தை வங்கியில் வைத்து, மைத்துனரை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்லி எந்திரம் வாங்குகிற ஒருவர், ஃபோர்டு இருமுறை தோற்றதைத் தமக்கு முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது. ஃபோர்டின் முதல் நிறுவனம் 1901இல் கலைக்கப்பட்டபோது அதில் கரைந்தது பெரும்பாலும் டெட்ராய்ட் பணக்காரர்கள் போட்ட முதல். இரண்டாவதிலிருந்து அவர் விலகிய பிறகு அது காடிலாக் என்ற பெயரில் தொடர்ந்து நடந்தது.