அறக்கட்டளை நல்கை பெறுவது எப்படி? அமெரிக்காவில் வெள்ளையரல்லாத பெண்கள் தலைமையேற்கும் அமைப்புகளுக்கான தொடக்கநிலை விளக்கம்

குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்குத் துணைநிற்பதற்காகவோ, வீட்டுப் பணியாளர்களின் ஊதிய உரிமைக்காகவோ, பிரசவத்தின்போது கறுப்பினத் தாய்மார்களின் உயிரைக் காப்பதற்காகவோ அமெரிக்காவில் ஓர் அமைப்பைத் தொடங்கும் பெண்கள், பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளைச் சொந்தப் பணத்திலும் தெரிந்தவர்களின் நன்கொடையிலும் ஓட்டிவிடுகிறார்கள். அதன் பிறகு அறக்கட்டளைகளின் பக்கம் திரும்பும்போது, எந்தக் கதவைத் தட்டுவது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிடுகிறது. நியூஜெர்சியில் 1985 இல் தோன்றிய மானவி, நியூயார்க்கில் 1989 இல் தோன்றிய சகி போன்ற தெற்காசியப் பெண்கள் அமைப்புகளும் இந்த நிதி உலகத்துக்குள்தான் இயங்குகின்றன. ஆகவே அத்தகைய அமைப்பு ஒன்றைத் தொடங்க எண்ணும் தமிழ்ப் பெண்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

நிலைமையின் அளவை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. மகளிர் நிதியமான மிஸ் ஃபவுண்டேஷன் ஃபார் விமன் 2020 இல் வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, அமெரிக்க அறக்கட்டளைகள் 2017 இல் வழங்கிய 6,690 கோடி டாலரில், கறுப்பின, லத்தீன, பூர்வகுடி, ஆசியப் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் என்று சென்றது சுமார் 35.6 கோடி டாலர்தான். மொத்தத்தில் அது அரை சதவீதம். தலைக்கு ஆண்டொன்றுக்கு 5.48 டாலர். அதே 2020 இல், புதிதாகத் தொடங்கும் சமூகப் பணியாளர்களுக்கு நிதி தரும் எக்கோயிங் கிரீன் அமைப்பும் ஆலோசனை நிறுவனமான பிரிட்ஜ்ஸ்பன் குழுமமும் இணைந்து வெளியிட்ட ஆய்வு, எக்கோயிங் கிரீனுக்கு விண்ணப்பித்தவர்களுள் தகுதியில் முன்னின்றவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஒப்பிட்டது. அங்கேயும் கறுப்பினத்தவர் தலைமையிலான அமைப்புகளின் வருவாய் வெள்ளையர் தலைமையிலானவற்றைவிட 24 சதவீதம் குறைவாக இருந்தது. எந்தச் செலவுக்கும் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய, நிபந்தனையற்ற நிகரச் சொத்தோ 76 சதவீதம் குறைவாக இருந்தது. இந்த இரண்டாவது எண்தான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. பணம் குறைவாகக் கொடுக்கப்படுவது ஒரு குறை என்றால், கொடுத்த பணத்தையும் உங்கள் அறிவுக்கு ஏற்பச் செலவழிக்க விடாமல் கட்டிப்போடுவது அதைவிடப் பெரிய குறை. கீழே வரும் படிகள் அனைத்திலும் இந்த இரண்டையும் சேர்த்தே கவனித்துக்கொள்ள வேண்டும்.

படி 1: சட்டப்படியான உருவம்

அறக்கட்டளைகள் பொதுவாக 501(சி)(3) என்ற வரிவிலக்குப் பெற்ற அமைப்புகளுக்கே நல்கை தருகின்றன. முதலில் உங்கள் மாநிலத்தில் லாப நோக்கற்ற நிறுவனமாகப் பதிவு செய்து, மத்திய வரித்துறையிடம் நிறுவன அடையாள எண் பெற்று, பிறகு படிவம் 1023 வழியாக வரிவிலக்குக் கோர வேண்டும். முழுப் படிவத்துக்குக் கட்டணம் 600 டாலர். ஆண்டு வருவாய் 50,000 டாலருக்கு மேற்படாது என்று எதிர்பார்க்கும், 2,50,000 டாலருக்கு மேல் சொத்தில்லாத சிறிய அமைப்புகள் 1023-ஈஇசட் என்ற சுருக்கப் படிவத்தை 275 டாலர் கட்டணத்தில் அனுப்பலாம். நிறுவனம் உருவான 27 மாதங்களுக்குள் விண்ணப்பித்துவிட்டால், வரிவிலக்கு உருவான நாளிலிருந்தே செல்லும்.

இவ்வளவும் முடியும்வரை பணியை நிறுத்திவைக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே வரிவிலக்குள்ள ஓர் அமைப்பை நிதிப் பொறுப்பாளராக ஏற்றுக்கொண்டு, அதன் குடையின்கீழ் நல்கை பெறும் முறை அமெரிக்காவில் நன்கு வேரூன்றியது. ஃபிஸ்கல் ஸ்பான்சர் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். கணக்கு, ஊதியப் பட்டியல், காப்பீடு ஆகியவற்றை அவர்கள் பார்த்துக்கொண்டு, வரும் நிதியில் ஒரு பங்கை, பெரும்பாலும் 5 முதல் 15 சதவீதத்தை, கட்டணமாக எடுத்துக்கொள்வார்கள். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு இதுவே சிறந்த வழி என்பது என் கருத்து. ஏனெனில் இரண்டு பேர் நடத்தும் அமைப்பில் கணக்குவழக்கில் கரையும் நேரம் முழுவதும் உதவி தேடி வரும் பெண்களிடமிருந்து எடுக்கப்பட்ட நேரமாகவே இருக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், பிரிந்து செல்ல விரும்பினால் மீதிப் பணமும் நன்கொடையாளர் பட்டியலும் உங்களுடன் வருமா என்பதை மட்டும் எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

படி 2: ஆவணங்களை ஒரே கோப்பில் சேர்த்தல்

வரிவிலக்குக் கடிதம், நிர்வாகக் குழு உறுப்பினர் பட்டியல், நடப்பாண்டு வரவுசெலவுத் திட்டம், முந்தைய ஆண்டின் கணக்கறிக்கை, வரித்துறைக்கு ஆண்டுதோறும் அளிக்கும் அறிக்கையான படிவம் 990 இன் அண்மைய பிரதி ஆகியவற்றைப் பெரும்பாலான அறக்கட்டளைகள் கேட்கும். ஆண்டு வருவாய் 50,000 டாலர் வரை உள்ளவர்கள் 990-என் என்ற மின்னஞ்சலட்டை போன்ற சிறு படிவத்தை அனுப்பினால் போதும். ஆனால் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அனுப்பாமல் விட்டால் வரிவிலக்கு தானாகவே பறிபோகும். சுமார் 40 மாநிலங்களில் நன்கொடை திரட்டுவதற்கே தனிப் பதிவு வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

படி 3: யாரிடம் கேட்பது

விண்ணப்பம் எழுதுவதற்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை இந்தப் படிக்குத் தாருங்கள். பெயர்பெற்ற பெரிய அறக்கட்டளைகளின் இணையதளங்களைப் பார்த்துவிட்டு, அதே சொற்களைத் திருப்பிப் போட்டு விண்ணப்பம் அனுப்பி ஏமாறுவது புதியவர்களிடம் அடிக்கடி நேர்வது. ஓர் அறக்கட்டளை உண்மையில் யாருக்குப் பணம் தருகிறது என்பது, ஆண்டுதோறும் அது வரித்துறைக்கு அளிக்கும் 990-பிஎஃப் படிவத்தில் இருக்கிறது. தனியார் அறக்கட்டளைகள், அதாவது பெரும்பாலும் ஒரு குடும்பமோ நிறுவனமோ தன் பணத்தில் நடத்துபவை, அனைத்தும் இதை அளித்தாக வேண்டும். யாரும் இதைப் படிக்கலாம். புலனாய்வுச் செய்தி நிறுவனமான ப்ரோபப்ளிகா நடத்தும் நான்பிராஃபிட் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் அறக்கட்டளையின் பெயரை இட்டுத் தேடினால் இலவசமாகக் கிடைக்கும்.

படிவம் நீளமாக இருப்பதைக் கண்டு மிரள வேண்டாம். முதல் பக்கத்தில் மொத்தச் சொத்து மதிப்பைப் பாருங்கள். தனியார் அறக்கட்டளைகள் தம் முதலீட்டுச் சொத்தில் ஏறத்தாழ 5 சதவீதத்தை ஆண்டுதோறும் அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்பது சட்டம். ஆகவே 2 கோடி டாலர் சொத்துள்ள அறக்கட்டளை ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டாலர் வழங்கும் என்று கணக்கிடலாம். அடுத்து, பின்பகுதியில் விண்ணப்ப முறை பற்றிய பத்திக்குச் செல்லுங்கள். முன்னரே தேர்ந்தெடுத்த அமைப்புகளுக்கு மட்டுமே வழங்குகிறோம், கேட்காத விண்ணப்பங்களை ஏற்பதில்லை என்று சொல்லும் சிறு கட்டம் அங்கே இருக்கும். அதில் குறியிட்டிருந்தால் அஞ்சலில் விண்ணப்பம் அனுப்பிப் பயனில்லை. அங்குள்ள ஒருவரின் அறிமுகம் கிடைத்தால்தான் வழி. குறி இல்லையென்றால், அதன் கீழே வரும் பட்டியலை வரிவரியாகப் படியுங்கள். அந்த ஆண்டு நல்கை பெற்ற ஒவ்வோர் அமைப்பின் பெயர், ஊர், நோக்கம், தொகை அதில் இருக்கும். உங்கள் அளவிலான அமைப்புகள் அதில் உண்டா, உங்கள் மாநிலத்தில் யாருக்காவது கிடைத்திருக்கிறதா, நோக்கம் என்ற இடத்தில் பொது இயக்கச் செலவு (குறிப்பிட்ட திட்டத்துக்கெனக் கட்டுப்படுத்தாத பணம்) என்று எத்தனை முறை வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுப் படிவங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், புதியவர்களை அவர்கள் சேர்த்துக்கொள்கிறார்களா, அதே பெயர்கள்தான் சுற்றிச்சுற்றி வருகின்றனவா என்பது தெளிவாகிவிடும்.

மக்களிடம் நிதி திரட்டிப் பிறருக்கு வழங்கும் மகளிர் நிதியங்கள் 990-பிஎஃப் அளிப்பதில்லை. அவற்றின் படிவம் 990 இல் உள்ள அட்டவணை ஐ என்ற பகுதியில் 5,000 டாலருக்கு மேல் பெற்றவர்களைக் காணலாம். தொடக்கநிலை அமைப்புகளுக்கு இந்த நிதியங்களே நல்ல நுழைவாயில் என்று நினைக்கிறேன். 1973 இல் தொடங்கிய மிஸ் ஃபவுண்டேஷன், பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பதைப் பெண்களே முடிவுசெய்யும் உரிமை உள்ளிட்ட இனப்பெருக்க நீதிக்காகப் பணியாற்றுவோருக்கு 2003 முதல் துணைநிற்கும் கிரவுண்ட்ஸ்வெல் ஃபண்ட், தென் மாநிலங்களில் இயங்கும் சதர்ன் பிளாக் கேர்ல்ஸ் அண்ட் விமன்ஸ் கன்சோர்ஷியம், 2005 இல் நியூயார்க்கில் ஆசிய அமெரிக்கப் பெண்கள் கூடி உருவாக்கிய ஏஷியன் விமன் கிவிங் சர்க்கிள் ஆகியவை சில எடுத்துக்காட்டுகள். 2019 இல் இரு பழைய தகவல் நிறுவனங்கள் இணைந்து உருவான கேண்டிட் நடத்தும் அறக்கட்டளைத் தகவல் தளத்தைப் பல பொது நூலகங்களில் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். சந்தா கட்டுமுன் நூலகரைக் கேட்டுப் பாருங்கள்.

அழைப்பு பெரிதாக இருப்பதால் மட்டும் ஓடிச்சென்று விண்ணப்பிக்கவும் வேண்டாம். பெருங்கொடையாளர் மெக்கென்சி ஸ்காட்டின் யீல்ட் கிவிங் அமைப்பு 2023 இல் அறிவித்த திறந்த அழைப்புக்கு 6,353 அமைப்புகள் விண்ணப்பித்தன. 2024 மார்ச்சில் அவற்றுள் 361 அமைப்புகளுக்கு மொத்தம் 64 கோடி டாலர் வழங்கப்பட்டது. அதுவும் நிபந்தனையற்ற பணமாக வழங்கப்பட்டது என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் 10 லட்சம் முதல் 50 லட்சம் டாலர் வரை ஆண்டுச் செலவுள்ளவர்கள் மட்டுமே அதற்குத் தகுதியுடையோர். இத்தகைய வரம்பை அழைப்பைப் படிக்கும்போது முதலிலேயே பார்த்துவிட்டால் வாரக்கணக்கான உழைப்பு மிஞ்சும்.

படி 4: விண்ணப்பத்துக்கு முன் பேசுதல்

பட்டியலில் தேறிய ஐந்தாறு அறக்கட்டளைகளின் திட்ட அலுவலர்களுக்குச் சுருக்கமான மின்னஞ்சல் எழுதி, இருபது நிமிடம் பேச முடியுமா என்று கேளுங்கள். எழுதப்பட்ட விதிகளில் இல்லாத பல செய்திகள் இந்த உரையாடலில்தான் வெளிப்படும். செல்வாக்குள்ள நண்பர்கள் வட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இத்தகைய பேச்சு விருந்துகளிலேயே நடந்துவிடுகிறது. மற்றவர்கள் அதைக் கேட்டுத்தான் பெற வேண்டியிருக்கிறது. கேட்பதில் தயக்கம் வேண்டாம். அவர்களிடம் ஏற்கெனவே நல்கை பெற்ற அமைப்பின் தலைவி ஒருவர் உங்களை அறிமுகப்படுத்தினால் இன்னும் நல்லது.

படி 5: விண்ணப்பத்தின் மொழி

பிரச்சினை என்ன, யாருக்கு, எந்த ஊரில், நீங்கள் செய்யப்போவது என்ன, அதற்கு நீங்களே பொருத்தமானவர்கள் என்பதற்கு என்ன சான்று என்ற வரிசையில் எழுதுங்கள். அந்தச் சமூகத்திலிருந்தே வந்தவர்கள் என்பது உங்களுடைய தொழில்முறைத் தகுதி. அதைச் செயலில் காட்டி எழுத வேண்டும். மொழி தெரிந்தவர்கள் என்று சொல்வதைவிட, நள்ளிரவில் அழைக்கும் பெண்ணுக்குத் தமிழிலோ வங்காளியிலோ பதில் சொல்ல யார் இருக்கிறார், நீதிமன்றத்துக்கு அவருடன் யார் செல்கிறார் என்று எழுதினால் படிப்பவருக்குப் பணி கண்முன் நிற்கும்.

இங்கே அண்மைக்கால வழக்கொன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அட்லாண்டாவைச் சேர்ந்த ஃபியர்லெஸ் ஃபண்ட், கறுப்பினப் பெண்கள் நடத்தும் சிறு தொழில்களுக்கு 20,000 டாலர் நல்கை வழங்கும் போட்டி ஒன்றை நடத்திவந்தது. ஒப்பந்தம் செய்வதில் இனப் பாகுபாடு கூடாது என்று சொல்லும், 1866 ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்திலிருந்து வந்த விதியைக் காட்டி, 2023 ஆகஸ்டில், இன அடிப்படையிலான சலுகைகளை எதிர்த்து வழக்காடிவரும் எட்வர்டு பிளமின் அமைப்பு அதற்கு எதிராக வழக்குத் தொடுத்தது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களைக் காக்க இயற்றிய சட்டம் இப்படிப் பயன்பட்டது வேதனையானது. 11 ஆவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஜூனில் போட்டியை நிறுத்திவைக்க உத்தரவிட்டது. செப்டம்பரில் சமரசம் ஏற்பட்டுத் திட்டம் மூடப்பட்டது. அது தொழில் முனைவோருக்கான போட்டி. லாப நோக்கற்ற அமைப்புகளுக்கான நல்கைகள் அனைத்தையும் அது தடைசெய்யவில்லை. எனினும் பல அறக்கட்டளைகள் தம் வழக்கறிஞர்களின் சொற்படி அறிவிப்புகளின் வாசகத்தை மாற்றிக்கொண்டுள்ளன. ஆகவே தலைமையின் இனத்தை மட்டும் தகுதியாக முன்வைக்காமல், சேவை செய்யும் சமூகத்தின் தேவையையும் உங்கள் அனுபவத்தையும் விரித்து எழுதுங்கள்; நீங்கள் யார் என்பதை மறைத்தும் எழுத வேண்டாம்.

படி 6: முழுச் செலவையும் கேட்டல்

குறைவாகக் கேட்டால் கிடைத்துவிடும் என்ற எண்ணம் நம் பெண்களிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. அதைக் கைவிட ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். ஓர் உதவி எண்ணை நடத்த, பகுதிநேர ஆலோசகர் ஒருவருக்கு ஆண்டுக்கு 36,000 டாலர் ஊதியம் என்று வைத்துக்கொள்வோம். அதன்மீது முதலாளி செலுத்த வேண்டிய சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரி 7.65 சதவீதம், அதாவது 2,754 டாலர். மொழிபெயர்ப்பாளர்களுக்கு 6,000, தொலைபேசிக்கு 1,800, வாடகையில் இத்திட்டத்தின் பங்காக 4,200 சேர்த்தால் 50,754 டாலர் ஆகிறது. பெரும்பாலானோர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அந்த ஆலோசகரை மேற்பார்வையிடும் இயக்குநரின் நேரம், கணக்கர் கட்டணம், காப்பீடு ஆகியவற்றுக்கு 15 சதவீதம் சேர்த்தால் மேலும் சுமார் 7,613 டாலர். உண்மையான செலவு 58,367 டாலர். அந்த வித்தியாசத்தை நீங்கள் கேட்காவிட்டால், இயக்குநர் ஊதியமின்றி உழைத்து அதை ஈடுகட்டுவார். அப்படித்தான் பல நல்ல தலைவிகள் சோர்ந்து வெளியேறுகிறார்கள். பொது இயக்கச் செலவுக்கான நல்கை உண்டா என்று முதலில் கேளுங்கள்; இல்லையென்றால் மட்டும் திட்ட நல்கைக்கு முழுச் செலவுடன் விண்ணப்பியுங்கள்.

படி 7: ஒப்பந்தத்தைப் படித்தல்

வன்முறைக்கு எதிராகப் போராடும் வெள்ளையரல்லாத பெண்களின் அமைப்பான இன்சைட்டுக்கு 2004 இல் ஃபோர்டு அறக்கட்டளை 1,00,000 டாலர் வழங்க முன்வந்து, பாலஸ்தீன விடுதலையை ஆதரித்து அந்த அமைப்பு வெளியிட்டிருந்த அறிக்கையைக் காரணம் காட்டி அதைத் திரும்பப் பெற்றது. இன்சைட் தன் ஆதரவாளர்களிடம் சிறுகச் சிறுகத் திரட்டிப் பணியைத் தொடர்ந்தது. ஆகவே தவணைகள் எப்போது வரும், எந்தச் சூழலில் நல்கை நிறுத்தப்படலாம், அறிக்கை எப்போது தர வேண்டும், உங்கள் பொதுநிலைப்பாடுகள் குறித்து ஏதேனும் நிபந்தனை உண்டா என்பவற்றை நிர்வாகக் குழுவுடன் உட்கார்ந்து படித்த பிறகே கையெழுத்திடுங்கள். கைக்குப் பணம் வருமுன் அதை நம்பி யாரையும் வேலைக்கு அமர்த்த வேண்டாம்.

படி 8: நல்கை வந்த பிறகு

அறிக்கை தரும் நாளையும் அதற்கு மூன்று மாதங்களுக்கு முன் புதுப்பித்தல் பற்றிப் பேச வேண்டிய நாளையும் நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். மறுக்கப்பட்ட விண்ணப்பங்களுக்கு நன்றி கூறி, காரணம் கேட்டு எழுதுங்கள். அடுத்த சுற்றில் அது உதவும்.

பலர் கவனிக்காத ஒரு விதி இன்னும் இருக்கிறது. தனியார் அறக்கட்டளையாகக் கருதப்படாமல் பொதுத் தொண்டு நிறுவனம் என்ற தகுதியில் நீடிக்க, பெரும்பாலான அமைப்புகள் ஐந்தாண்டு காலத்தில் பெறும் ஆதரவில் மூன்றில் ஒரு பங்காவது பொதுமக்களிடமிருந்தும் அரசிடமிருந்தும் பிற பொதுத் தொண்டு நிறுவனங்களிடமிருந்தும் வந்ததாகக் காட்ட வேண்டும். ஒரு தனியார் அறக்கட்டளை தரும் தொகையில், மொத்த ஆதரவின் 2 சதவீதத்துக்கு மேற்பட்ட பகுதி இக்கணக்கில் சேராது. ஆனால் ஆண்டுக்கு 25 டாலர் தரும் 200 பேரின் 5,000 டாலர் முழுவதும் சேரும். புதிய அமைப்புகளுக்கு முதல் ஐந்தாண்டுகள் சலுகை உண்டு. ஆறாம் ஆண்டிலிருந்து சோதனை தொடங்கும். படிவம் 990 இன் அட்டவணை ஏ இதற்கானது. 990-என் அனுப்பும் சிறிய அமைப்புகள் அந்த அட்டவணையைத் தாக்கல் செய்ய வேண்டியதில்லை என்றாலும், முதல் பெரிய நல்கை வந்த ஆண்டிலிருந்தே கணக்கரிடம் சொல்லி ஆண்டுதோறும் அந்தக் கணக்கைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.