பகிர்வதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொருளாதாரம், சமூகம், வடிவமைப்பு, ஆவணப்படம் என்று இணையத்தில் கண்ணில் படும் நல்ல விஷயங்களைப் பகிர ஆரம்பித்திருக்கும் சிலரைக் கவனித்து வருகிறேன். நான் ஆரம்பத்தில் சறுக்கிய இடங்களிலேயே அவர்களும் சறுக்குகிறார்கள். லிங்க் திறக்கிறதா, எழுத்துப்பிழை உண்டா என்பதையெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். மற்றவை இங்கே.

கதையின் மூலத்தைத் தேடாமல் பகிர்வது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். டெல்லி நாகப்பாம்புக் கதை உங்களுக்கும் வந்திருக்கும். செத்த பாம்புக்குச் சன்மானம் என்று ஆங்கிலேய அரசு அறிவித்ததாம். மக்கள் பாம்பு வளர்க்க ஆரம்பித்தார்களாம். சன்மானம் நின்றதும் அவற்றை அவிழ்த்துவிட, தொல்லை முன்னைவிட அதிகமானதாம். சரி, எந்த வருடம், எந்த அதிகாரி, எந்த ஆணை? தேடிப்பாருங்கள். ஒரு கட்டுரை இன்னொன்றைக் கைகாட்டும். கடைசியில் ஜெர்மானியப் பொருளாதார அறிஞர் ஹோர்ஸ்ட் சீபர்ட்டிடம் போய் நிற்பீர்கள். 2001இல் தன் புத்தகத்துக்கே 'நாகப்பாம்பு விளைவு' என்று பெயர் வைத்தவர் அவர். அவருக்கு முந்தைய, ஆங்கிலேயர் காலத்து ஆவணம் எதையும் இந்தக் கட்டுரைகள் காட்டுவதில்லை.

ஆவணத்தோடு இருக்கும் கதையோ பக்கத்திலேயே கிடக்கிறது. 1902இல் வியட்நாமின் ஹனோய் நகரத்தில் பிரெஞ்சு நிர்வாகம் எலி வாலுக்குக் காசு கொடுத்தது. கொஞ்ச நாளில் வாலில்லாத எலிகள் நகரத்தில் ஓடின. புறநகரில் எலி வளர்ப்பே நடந்தது. வரலாற்றாசிரியர் மைக்கேல் வான் காலனிய ஆவணங்களிலிருந்து இதை எழுதியிருக்கிறார். சொல்ல வரும் கருத்து ஒன்றுதான், ஆனால் இதற்குச் சான்று இருக்கிறது.

நண்பர் ஒருவர் நலத்திட்டங்கள் பற்றிய அருமையான ஆய்வு ஒன்றைப் பகிர்ந்தார். கூடவே முன்னுரையாகப் பாம்புக் கதையைச் சேர்த்தார். "இதற்கு ஆதாரம் என்ன?" என்று ஒருவர் கேட்டார். நண்பரிடம் பதில் இல்லை. அப்புறம் பேச்சு முழுக்கப் பாம்பைப் பற்றித்தான் ஓடியது. ஆய்வைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த ஆய்வு எத்தனையோ பேருக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது.

ஆவணப்படத் துண்டைச் சாட்சியாகக் காட்டுவது

1922இல் வெளிவந்த 'நானூக் ஆஃப் த நார்த்', வட கனடாவின் பனிப்பகுதியில் வாழும் இனுயிட் மக்களைப் பற்றிய ஆவணப்படம். அதில் நானூக் என்ற பெயரில் வேட்டையாடுகிறவரின் உண்மைப் பெயர் அல்லாகரியல்லாக். துப்பாக்கிக்குப் பழகியிருந்தவர்களை ஈட்டியோடு வேட்டையாட வைத்தார் இயக்குநர் ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி. பனிவீட்டுக்குள் வெளிச்சம் போதாததால், ஒரு பக்கம் திறந்த பனிவீட்டைக் கட்டிப் படம்பிடித்தார். இருந்தும் அது பார்த்தே தீர வேண்டிய படம். தாராளமாகப் பகிருங்கள், எடுக்கப்பட்ட விதத்தையும் ஒரு வரி சேர்த்து.

வரைபடத்தை மட்டும் வெட்டி ஒட்டுவது

வரைபடத்தின் அச்சு எந்த எண்ணில் தொடங்குகிறது, தரவு எந்த ஆண்டோடு முடிகிறது என்று தெரியவில்லையா? போடாதீர்கள்.

'அவசியம் பாருங்கள்' என்று மட்டும் எழுதுவது

ஏன் என்று சொல்லுங்கள்.

திருத்தம் வந்த பிறகும் சும்மா இருப்பது

அரசின் கடன் ஜிடிபியில், அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில், 90 சதவீதத்தைத் தாண்டினால் பொருளாதார வளர்ச்சி சரிந்துவிடும் என்ற ஆய்வு, பொருளாதார அறிஞர்கள் ரைன்ஹார்ட், ரோகாஃப் எழுதியது, 2010இல் உலகம் சுற்றியது. 2013இல் மாணவர் தாமஸ் ஹெர்ன்டன், தன் பேராசிரியர்கள் இருவருடன் சேர்ந்து அதைச் சோதித்தார். எக்செல் கணக்கில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. வேறு குறைகளும் இருந்தன. எல்லாவற்றையும் சரிசெய்தபோது, அந்தக் கடன் அளவிலும் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 அல்ல, 2.2 சதவீதம் என்று வந்தது. முதல் ஆய்வைப் பகிர்ந்தவர்கள் இதையும் அதே ஆட்களுக்கு அனுப்பியிருக்க வேண்டும்.