மரை ஏறினால் மட்டும் போதாது: பைக்குக்குச் சரியான ஸ்பார்க் பிளக் பார்த்து வாங்குவது

பழைய பிளக்கைக் கழற்றி, ஸ்பேர்ஸ் கடையில் நீட்டி, "இதே மாதிரி ஒண்ணு குடுங்க" என்று கேட்பதுதான் பலருக்கும் வழக்கம். வண்டியில் இருந்த பிளக்கே தவறானதாக இருந்தால் அந்தத் தவறுதான் திரும்பவும் ஏறும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது ஓனர்ஸ் மேனுவல். கடைசிப் பக்கங்களில், ஆயில் அளவும் டயர் காற்றழுத்தமும் இருக்கும் பட்டியலிலேயே பிளக் எண்ணும், நுனியில் பொறி பறக்கும் இடைவெளியும் அச்சாகியிருக்கும். மேனுவல் தொலைந்திருந்தால் கம்பெனி இணையதளத்திலோ பிளக் கம்பெனியின் கேட்டலாக்கிலோ மாடல், வருடம் இரண்டையும் கொடுத்துத் தேடுங்கள். வருடம் முக்கியம். பெயர் ஒன்றாகவே இருந்தாலும் பிஎஸ் 4 (பழைய புகை மாசு விதி) வண்டியின் எஞ்சினும் 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 எஞ்சினும் வேறு பிளக் கேட்கலாம்.

எண்ணைப் படிப்பது

என்ஜிகே கம்பெனி பிளக்கில் "சிபிஆர்8இஏ-9" (CPR8EA-9) என்று இருப்பதை எடுத்துக்கொள்வோம். முதல் எழுத்து 'சி' என்றால் மரையின் விட்டம் 10 மி.மீ., ஸ்பேனர் அளவு 16 மி.மீ. 'டி' என்றால் 12 மி.மீ. மரை, 18 மி.மீ. ஸ்பேனர். 'பி' (B) என்று தொடங்கும் பெரிய பிளக்குகள் 14 மி.மீ. மரை, 20.8 மி.மீ. ஸ்பேனர். நம் எண்ணில் இரண்டாவதாக வரும் 'பி' (P), பீங்கான் மூக்கு பிளக்கின் இரும்பு உடலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைச் சொல்கிறது. 'ஆர்' ரெசிஸ்டர். 8 வெப்ப எண். 'இ' மரைப் பகுதியின் நீளம் 19 மி.மீ. என்பதற்கு, அந்த இடத்தில் 'எச்' இருந்தால் 12.7 மி.மீ. கடைசி 9, இடைவெளி 0.9 மி.மீ. என்று பொருள்.

இப்போது "சி7எச்எஸ்ஏ" (C7HSA) என்ற பிளக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதுவும் 10 மி.மீ. மரை, இதற்கும் 16 மி.மீ. ஸ்பேனர். இரண்டும் ஒரே ஓட்டையில் சிக்கலில்லாமல் ஏறும், வண்டியும் ஸ்டார்ட் ஆகும். நீளத்தில்தான் 6.3 மி.மீ. வித்தியாசம். நீளமான மரை உள்ள ஹெட்டில் (சிலிண்டரின் மேல்மூடி, பிளக் ஏறும் இடம்) குட்டைப் பிளக்கைப் போட்டால், மூடப்படாத மரைப் பள்ளங்களில் கரி அடைந்து கெட்டிப்படும். அடுத்த முறை சரியான பிளக்கைத் திருகும்போது அது பாதியில் இறுகும். அலுத்துப்போய் அழுத்தித் திருகினால் அலுமினிய ஹெட்டின் மரை போய்விடும். குட்டை ஹெட்டில் நீளப் பிளக் இன்னும் மோசம். நுனி பிஸ்டனிலோ வால்விலோ இடிக்கலாம். இடிக்காவிட்டாலும் உள்ளே நீட்டிய மரை சூடேறித் தானே எரிபொருளைப் பற்றவைக்கும். கடையிலேயே பழையதையும் புதியதையும் வாஷர் முகம் ஒட்டும்படி அருகருகே பிடித்துப் பாருங்கள். மேனுவல் எண்ணும் பொருந்தி நீளமும் பொருந்தினால்தான் காசு கொடுக்க வேண்டும்.

வெப்ப எண்

அதிகம் குழப்புவது இதுதான். பிளக் நுனி ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் படியும் கரியைத் தானே எரித்துச் சுத்தப்படுத்திக்கொள்ளும். சுமார் 870 டிகிரியைத் தாண்டினால் ஸ்பார்க் வருவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைத்து பிஸ்டனைக் கெடுக்கும். இந்த எல்லைக்குள் நுனியை வைத்திருப்பதுதான் வெப்ப எண்ணின் வேலை. சூட்டை ஹெட்டுக்குச் சீக்கிரம் கடத்துவது 'குளிர்' பிளக், மெதுவாகக் கடத்துவது 'சூடு' பிளக். ஸ்பார்க்கின் பலத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

பிராண்டு மாற்றும்போது இங்கேதான் சறுக்குவார்கள். என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் கூடினால் குளிர்ச்சி. பாஷிலும் சாம்பியனிலும் எண் கூடினால் சூடு. என்ஜிகே 6-க்கு இணை டென்சோ 20, பாஷ் 7. என்ஜிகே 7-க்கு டென்சோ 22, 8-க்கு 24. "ரெண்டுலயும் 7 இருக்கு, ஒண்ணுதான்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இணை எண்ணை மாற்று அட்டவணையில் பார்த்தே வாங்குங்கள்.

பிளக் கருப்பாகிறது என்பதற்காகச் சூடான எண்ணுக்குத் தாவுவதும் சரியான வைத்தியமல்ல. உலர்ந்த கரி என்றால் ஏர் ஃபில்டர் அடைப்பு, சோக் அல்லது கார்புரேட்டர் கோளாறு, எப்போதும் குட்டைத் தூரம் மட்டுமே ஓட்டுவது இவற்றில் ஒன்றாக இருக்கும். ஈரமாக, ஆயில் பிசுபிசுப்போடு இருந்தால் பிஸ்டன் ரிங்கையோ வால்வ் சீலையோ பார்க்க வேண்டும். நுனி வெளுத்து, கொப்புளம் போலப் பொரிந்திருந்தால் பெட்ரோல் குறைவாகப் போகிறது, எங்கோ காற்று உள்ளே கசிகிறது, அல்லது போட்டிருப்பது அளவுக்கு மீறிய சூடான பிளக். லேசான காப்பி நிறம் இருந்தால் எல்லாம் ஒழுங்கு. வெளிப்பக்கப் பீங்கானில், இரும்பு உடலை ஒட்டி ஒரு பழுப்பு வளையம் படிவதைக் கண்டு கேஸ் கசிவு என்று பயப்பட வேண்டாம். உயர் மின்னழுத்தம் காற்றிலுள்ள தூசியை இழுத்து ஒட்டவைப்பதால் வரும் கறை அது.

ரெசிஸ்டர், இரிடியம், போலி

'ஆர்' எழுத்து உள்ள பிளக்கில் சுமார் 5 கிலோ ஓம் மின்தடை உண்டு. அது மின் இரைச்சலை அடக்குகிறது. எஃப்ஐ வண்டியில் (கார்புரேட்டருக்குப் பதிலாக மின்னணு முறையில் பெட்ரோல் பீய்ச்சுவது) ரெசிஸ்டர் இல்லாத பிளக்கைப் போட்டால் அந்த இரைச்சல் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூவையும் சென்சாரையும் குழப்பி, பொறி தவறி எஞ்சின் இடறும் மிஸ்ஃபயரைக் கொடுக்கலாம். விலை குறைவு என்று இதில் சமரசம் செய்யாதீர்கள்.

இரிடியம் பிளக்கின் நடுக்கம்பி மெல்லியது, பலவற்றில் 0.6 மி.மீ. மட்டுமே. குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி பறக்கும், தேய்மானமும் மெதுவாக இருக்கும். பவர் கூடும் என்று எதிர்பார்த்து வாங்க வேண்டாம். சாதா நிக்கல் பிளக் கேட்கும் வண்டிக்கு அதையே நேரத்துக்கு மாற்றினால் போதும். 100–150 சிசி வண்டிகள் பலவற்றுக்கு அது 12,000 கி.மீ. அளவில் வரும். ஆனால் கம்பெனியே இரிடியம் சொல்லியிருந்தால் நிக்கலுக்கு இறங்கக் கூடாது. இரிடியம் நுனியில் கம்பி பிரஷ்ஷோ எமெரி பேப்பரோ படவே கூடாது.

பல்சர் டிடிஎஸ்-ஐ எஞ்சின்களில் இரண்டு பிளக், என்எஸ்200-இல் மூன்று. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் எந்த எண் என்பதை மேனுவலில் தனித்தனியாகப் பாருங்கள்.

போலியைக் கண்டுபிடிக்க முதலில் வாஷரைத் தொட்டுப் பாருங்கள். அசல் என்ஜிகே பிளக்கில் அது சுலபமாகக் கழன்று வராது. மரையில் பிசிறு, மங்கிய அச்சு, நடுக்கம்பிக்கு நேராக நிற்காத மேல் வளைவு ஆகியவை இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாட்டுவது

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பழைய பிளக்கைக் கழற்றும் முன் சுற்றியுள்ள மண்ணைக் காற்றடித்து ஊதிவிடுங்கள். இல்லையென்றால் அது சிலிண்டருக்குள் விழும். புதிய பிளக்கின் இடைவெளியை ஃபீலர் கேஜ் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) வைத்துச் சரிபாருங்கள். திருத்த வேண்டுமானால் மேல் வளைவை மட்டும் மெல்ல அசைக்கவும், நடுக்கம்பியை நெம்பினால் பீங்கான் விரிசல் விடும். தலையில் உள்ள குட்டி நட்டையும் கவனியுங்கள்: சில வண்டிகளின் பிளக் கேப் நட்டோடு பிடிக்கும், சிலவற்றில் நட்டைக் கழற்றி மரையை வெறுமனே விட வேண்டும்.

முதல் சில சுற்றுகளைக் கையாலேயே ஏற்றுங்கள். இடம் குறுகலாக இருந்தால் ஒரு துண்டு பெட்ரோல் டியூபைப் பிளக்கின் தலையில் செருகித் திருகலாம். மரை மாறிப் பிடித்தால் டியூப் வழுக்கும், ஹெட் தப்பிக்கும். கையால் இறுகியதும், புது வாஷர் உள்ள பிளக்குக்கு ஸ்பேனரில் ஏறத்தாழ அரைச் சுற்று. ஏற்கெனவே போட்டுக் கழற்றியதற்கு வாஷர் நசுங்கியிருப்பதால் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்றே போதும். டார்க் ரெஞ்ச் (இறுக்கும் முறுக்கை அளந்து காட்டும் ஸ்பேனர்) இருந்தால் 10 மி.மீ. மரைக்கு 10–12, 12 மி.மீ.க்கு 15–20, 14 மி.மீ.க்கு 25–30 நியூட்டன் மீட்டர். மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். மரையில் கிரீஸோ காப்பர் பேஸ்டோ தடவாதீர்கள். வழுக்கல் கூடுவதால் அதே முறுக்கில் அளவுக்கு மீறி இறுகிவிடும்.

கேப் 'டக்' என்று உட்காரும் வரை அழுத்துங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை கழற்றி நுனியின் நிறத்தைப் பாருங்கள்.