சூப்பர்ஹீரோ காமிக்ஸின் மூலப் பக்கம் வாங்கப் போகிறீர்களா?

சிவகாசியில் அச்சான இரும்புக்கை மாயாவி காமிக்ஸைப் படித்து வளர்ந்தவன் நான். பிறகு கொழும்பு மருதானையில் டி.ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகளில் அட்டை கிழிந்த அமெரிக்கக் காமிக்ஸ்களும் கிடைத்தன. அந்தப் படங்களெல்லாம் முதலில் ஒரு தாளில் கையால் வரையப்பட்டவை, அந்தத் தாள் இன்றும் விலைக்கு வரும் என்பது நாற்பது வயது வரை எனக்கு உறைக்கவே இல்லை.

முதல் தடவை ஏமாந்தேன். பிரபல ஓவியரின் கையெழுத்துடன் 60 டொலருக்கு ஒரு 'ஒரிஜினல்' வந்தது. செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருக்கும் மச்சான், கல் பார்க்கும் கண்ணாடியைக் கண்ணில் இடுக்கி அரை நிமிடம் பார்த்தார். "இது பொட்டுப் பொட்டாக இருக்குதே" என்றார். அச்சுப் புள்ளிகள். தூரிகை மை அப்படி இராது, கரும் பட்டையாகப் படிந்திருக்கும். அந்தக் கண்ணாடி இப்போது என் மேசை லாச்சியில்தான் இருக்கிறது. மச்சான் இன்னும் கேட்கவில்லை.

மூலப் பக்கத்தைச் சுவர் ஓவியமாக நினைக்காதீர்கள். அது அச்சகத்துக்குப் போன வேலைத்தாள். ஒருவர் பென்சிலில் வரைவார், இன்னொருவர் மை அடிப்பார், மூன்றாமவர் எழுத்துப் போடுவார், ஆசிரியர் ஓரத்தில் கிறுக்குவார். இந்தக் கைபட்ட அடையாளங்களைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

என்னிடம் சால் புஸீமா வரைந்த ஸ்பைடர்மேன் பக்கம் ஒன்று இருக்கிறது. முகமூடியே இல்லை. ஸ்பைடர்மேனான பீட்டரும் மனைவி மேரி ஜேனும் சமையலறையில் வாக்குவாதப்படுகிறார்கள். டோர்ச்சைச் சரித்துப் பிடித்தால் மேரி ஜேனின் தாடைக்கு மேல் வெள்ளை மை மேடாகத் தெரிகிறது. தாடையை ஒருமுறை வரைந்து, பிடிக்காமல், மறைத்துத் திரும்ப வரைந்திருக்கிறார். ஓரத்தில் வெளிறிய நீலப் பென்சில். அச்சகக் கமெராவில் அந்த நீலம் விழாது, அதனால் அழிக்காமலே விட்டிருக்கிறார்கள். அச்சான புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக் கோடு கோடாக ஒத்துப் பார்த்தேன். ஒத்துப்போனால் மட்டும் போதாது. வெளிச்சப் பலகையில் வைத்துப் பிரதி எடுத்தவனின் கோடும் ஒத்துத்தான் போகும். ஆனால் அது தயங்கித் தயங்கி நகரும், அடியில் பென்சில் தேடல் இருக்காது.

அளவையும் கேளுங்கள். 1967 வாக்கில் வரை பெரிய தாளில், கிட்டத்தட்ட 12க்கு 18 அங்குலப் படமாக வரைந்தார்கள். அதற்குப் பிறகு 11க்கு 17 அங்குல அட்டையில் 10க்கு 15 படம். 1975ஆம் ஆண்டுப் பக்கம் என்று சொல்லி வேறு அளவு காட்டினால் ஏன் என்று கேட்பதில் தப்பில்லை. அறுபதுகளின் பல பக்கங்களில் பின்புறம் காமிக்ஸ் கோட் என்ற தணிக்கை அமைப்பின் முத்திரை இருக்கும், அதனால் பின்பக்கப் படம் அனுப்பாத விற்பனையாளரை விட்டுவிடுங்கள். இப்போதைய பக்கமென்றால் கேள்வியே வேறு: ஓவியர் கணினியில் வரைந்தாரா? அப்படியானால் தாளே இல்லை. பென்சில் படத்தை வேறு தாளில் வெளிர் நீலமாக அச்செடுத்து அதன்மேல் மை அடித்திருந்தால், பென்சில் ஒரு தாளிலும் மை இன்னொன்றிலும் இருக்கும். எது உங்களுக்கு வருகிறது என்று எழுத்தில் வாங்குங்கள்.

பெரிய பெயர்களுக்குப் பின்னால் ஓடாதீர்கள். ஸ்பைடர்மேன் முதன்முதல் வந்த இதழுக்கு ஓவியர் ஸ்டீவ் டிட்கோ வரைந்த 24 பக்கங்களும் 2008 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. மைக் செக் வரைந்த கறுப்பு உடுப்பு ஸ்பைடர்மேன் பக்கம் ஒன்று 2022 ஜனவரியில் 33 லட்சம் டொலருக்கு மேல் போனது. மார்வெலின் பழைய ஓவியர் ஜாக் கிர்பியின் பக்கங்களில் ஒரு பகுதியைத்தான் மார்வெல் 1987இல் அவரிடம் திருப்பிக் கொடுத்தது, அதனால் எந்த வழியாக வந்தது என்ற கேள்வி அவர் பக்கங்களுக்கு எப்போதும் உண்டு. அட்டைப்படத்துக்கு விலை உச்சம், பிறகு முழுப்பக்கப் படம், பிறகு சண்டை, கடைசியில் பேச்சுப் பக்கம். நமக்குக் கடைசிதான் சரி. மனிதர் எப்படி நிற்கிறார், கை எங்கே போகிறது என்று வரையத் தெரிந்தவர் யாரென்பதும் அங்கேதான் தெரியும்.

பணம்? அந்தச் சமையலறைப் பக்கத்தை நான் 350 டொலருக்கு நாலு தவணையில் பேசியது 2022 பெப்ரவரியில், டொலர் 200 ரூபாய் இருந்தபோது. மே மாதம் டொலர் 360 ரூபாய். வங்கி அட்டையில் வெளிநாட்டுக் கொடுப்பனவும் ஓடவில்லை. மிச்சத்தைக் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் தங்கச்சி கட்டினாள். அடுத்த முறை வந்தபோது இரண்டு மெல்லிய பலகைக்கு நடுவே வைத்துக் கைப்பெட்டியில் கொண்டுவந்தாள். பார்சலில் எடுப்பதென்றால் சுங்கத் தீர்வை எவ்வளவு வரும் என்று முதலிலேயே கேட்டு வையுங்கள். விலையைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள், தொலைந்தால் காப்புறுதி அந்தக் குறைந்த தொகையைத்தான் தரும்.

வந்து சேர்ந்த பிறகுதான் கொழும்பின் வேலை தொடங்கும். காலி வீதியில் ஒரு கடையில் சின்னப் படமொன்றைப் பிரேம் போடக் கொடுத்தேன், பசை தடவி அட்டையில் ஒட்டியே தந்துவிட்டார்கள். இனிக் கழற்ற முடியாது. ஒட்டக்கூடாது, கண்ணாடியில் தாள் முட்டக்கூடாது என்று கடையில் நின்று சொல்லுங்கள். மார்க்கரால் நிரப்பிய கறுப்பு வெயிலில் பழுப்பாகிவிடும், சன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம். வெள்ளவத்தையில் கடல் பக்கம் குடியிருப்பவர்கள் சுவரையே மறந்துவிடலாம். மைலார் (தெளிந்த பொலியெஸ்டர்) உறையும் அமிலமற்ற அட்டையும்தான் பாதுகாப்பு. இங்கே கடைகளில் கிடைக்கும் ஏ3 கோப்பு 17 அங்குலத் தாளுக்கு அரை அங்குலம் குட்டை. ஒரு மூலை மடிந்த பிறகுதான் நான் அளந்து பார்த்தேன். ஏ2 வாங்குங்கள்.

என் கோப்பு இப்போது அலுமாரியின் மேல்தட்டில், வெளிச்சுவரில் முட்டாமல் இருக்கிறது. உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள். நீலம் ரோசாவாக மாறினால் புதுசு போடுகிறேன். ஒக்டோபர், நவம்பர் மழையில் இரண்டு கிழமைக்கொருமுறை மாற்ற வேண்டி வருகிறது, அப்போதே உறையைத் தூக்கி இராமபாணப் பூச்சி ஏதும் ஊர்கிறதா என்றும் பார்த்துக்கொள்கிறேன்.