டிஸ்க்கை அழித்த பின் இடம் குறைந்து தெரிந்தால்

லினக்ஸில் ஒரு ஹார்ட் டிஸ்க்கை முழுவதும் அழித்து, ஈஎக்ஸ்டி4 (ext4) என்ற கோப்பு முறைமையில் புதிதாக ஃபார்மட் செய்த பிறகு கொள்ளளவு குறைந்து தெரிந்தால், டிஸ்க் பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் டிஸ்க்கின் மொத்த அளவுக்கான எல்எஸ்பிஎல்கே (lsblk), மீதி இடத்துக்கான டிஎஃப் (df) ஆகிய இரு கட்டளைகள் காட்டும் எண்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1 டெராபைட் டிஸ்க்கை எல்எஸ்பிஎல்கே ஏறத்தாழ 931 ஜிபி என்று காட்டுவது இழப்பே அன்று. தயாரிப்பாளர் 1000-இன் மடங்கிலும் இக்கட்டளை 1024-இன் மடங்கிலும் கணக்கிடுவதால் வரும் வேறுபாடு அது. ஆனால் டிஎஃப் காட்டும் மீதி இடம் 870 ஜிபி அளவிலேயே நின்றால், கோப்புகளின் விவரங்களைப் பதிந்து வைக்கும் ஐனோடு அட்டவணைகள் பிடித்துக்கொண்டது போக, 5 விழுக்காட்டை முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனருக்கென ஈஎக்ஸ்டி4 ஒதுக்கி வைத்திருக்கிறது என்று பொருள். இயங்குதளம் இருக்கும் பார்ட்டிஷனுக்கு (டிஸ்க்கின் பிரிவுக்கு) இந்த ஒதுக்கீடு தேவைதான்; படங்களையும் காணொளிகளையும் சேர்த்து வைக்க மட்டுமே பயன்படும் டிஸ்க்குக்கு அது வீண் என்றே கருதுகிறேன். டியூன்2எஃப்எஸ் (tune2fs) கட்டளையை சூடோ (sudo) எனும் நிர்வாகி அனுமதியுடன், சிறிய எழுத்து 'எம்' (-m) தெரிவுக்கு ஒதுக்கீட்டு விழுக்காடாக 0 அல்லது 1 என்ற மதிப்பையும் சரியான பார்ட்டிஷன் பெயரையும் கொடுத்து இயக்கினால், உள்ளிருக்கும் கோப்புகள் அழியாமலேயே அந்த இடம் திரும்பக் கிடைக்கும்.

4 டெராபைட் டிஸ்க்கில் பாதியளவே பயன்படுத்த முடிகிறதென்றால், பார்ட்டிஷன்களைப் பதிந்து வைக்கும், இவ்வளவு பெரிய டிஸ்க்கை முழுதாகக் கையாள முடியாத பழைய எம்பிஆர் (MBR) அட்டவணையே பெரும்பாலும் காரணம். டிஸ்க் காலியாக இருக்கும்போதே புதிய வகையான ஜிபிடி (GPT) அட்டவணைக்கு மாற்றிவிட வேண்டும்.